பாரம் குறைந்த வண்டியைத் தேடி

புதிதாக ஒரு மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுகிறவர் விலையைக் கேட்கிறார், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்கிறார், குதிரைசக்தி எவ்வளவு, நிறங்கள் என்னென்ன, எத்தனை நாளில் கைக்கு வரும் என்றெல்லாம் விசாரிக்கிறார். ஆனால் அந்த வண்டி எத்தனை கிலோ எடை கொண்டது என்று கேட்பவரைக் காண்பது அபூர்வம். குடும்பத்தோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருவதற்கான வண்டி என்றால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இரண்டே ஆசனங்களும், வேண்டும்போது மடித்துவிடக்கூடிய கூரையும், தாழ்ந்த உடலும் கொண்ட ரோட்ஸ்டர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைப்பவருக்கோ அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்; ஏனென்றால் அந்த ஜாதி வண்டி பிறந்ததே லாகவத்துக்காக, அந்த லாகவத்தைத் தருவது எடைக்குறைவு, இன்றைய ரோட்ஸ்டர்களிலோ அந்த எடைதான் தலைமுறைக்குத் தலைமுறை ஏறிக்கொண்டு வந்திருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இங்கிலாந்திலிருந்து தாயகம் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர் பலர், அங்கே கண்டு பழகிய எம்.ஜி. என்னும் சின்னஞ்சிறு திறந்த வண்டியின் மீது கொண்ட மோகத்தையும் தங்களோடு கொண்டு சென்றார்கள். அந்த மோகமே அட்லாண்டிக்கின் மறுகரையில் பெரியதொரு சந்தையாக வளர்ந்து, எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின்-ஹீலி ஆகிய ஆங்கில வண்டிகளைப் பல்லாண்டு காலம் வாழவைத்தது. 1962-ல் வெளிவந்த எம்.ஜி.பி. ஏறக்குறைய 920 கிலோ எடை கொண்டது. அதே ஆண்டில் காலின் சாப்மன் என்ற மேதையின் லோட்டஸ் கம்பெனி வெளியிட்ட எலான் 700 கிலோவைக்கூட எட்டவில்லை. எஃகுத் தகட்டை வளைத்து முதுகெலும்புபோல நடுவே ஒரே சட்டம், அதன்மீது ஃபைபர் கிளாஸ் உடல், முன்னே 1,558 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு யந்திரம், இவ்வளவுதான் அந்த வண்டி. வேகம் வேண்டுமானால் சக்தியைக் கூட்டு என்று மற்றவர்கள் எண்ணியிருந்த காலத்தில், முதலில் எடையைக் குறை என்று சாப்மன் தம் தொழிலையே அந்த ஒரு கொள்கையின்மீது நிறுவினார். சக்தி கூடிய வண்டி நேர்ச்சாலையில் மட்டும் வேகமாக ஓடும், எடை குறைந்த வண்டி எல்லாச் சாலையிலும் வேகமாக ஓடும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

பிறகு 1970-களில் அமெரிக்காவில் மோதல் தடுப்பு, புகை, விளக்குகளின் உயரம் ஆகியவை பற்றிய சட்டங்கள் இறுகின. எம்.ஜி.பி.யின் அழகிய குரோம் பம்பர்கள் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர்கள் வந்தன. விளக்குகள் சட்டம் கேட்ட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக வண்டியையே சுமார் ஓர் அங்குலம் தூக்கி நிறுத்தினார்கள். வளைவுகளில் அதன் சுபாவமே மாறிப்போயிற்று. புது வடிவமொன்றைச் செய்ய அந்தக் கம்பெனியிடம் பணமும் இல்லை, ஊக்கமும் இல்லை. 1980-ல் எம்.ஜி.பி. நின்றபோது, திறந்த வண்டியின் காலம் முடிந்தது என்றே பலரும் தீர்மானித்துவிட்டார்கள்.

அந்தத் தீர்மானத்தைப் பொய்யாக்கியது ஜப்பானின் ஹிரோஷிமா நகரத்து மஸ்டா கம்பெனி. பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979-ல் அக்கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, நாங்கள் அடுத்தபடி என்ன செய்யலாம் என்று அவர் கேட்க, பழைய ஆங்கில வண்டிகளைப்போல எளிமையான, விலை மலிவான, திறந்த இரண்டு ஆசன வண்டி ஒன்றைச் செய்யுங்கள் என்று ஹால் பதில் சொன்னார். பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 அரங்கேறியது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர். ஜப்பானில் விற்ற முதல் வண்டியின் எடை 940 கிலோ, 1.6 லிட்டர் யந்திரத்தின் சக்தி 120 குதிரைசக்தி அளவுக்குள்தான். ஆனால் யந்திரம் முன்சக்கர அச்சுக்குச் சற்றுப் பின்தள்ளி அமர்ந்திருந்தது. கியர் பெட்டியையும் பின்புற டிஃபரன்ஷியலையும் அலுமினியச் சட்டம் ஒன்று இணைத்திருந்ததால் காலால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் தளர்வு ஏதுமின்றிச் சக்தி பின்சக்கரங்களுக்குப் போயிற்று. முன்னும் பின்னும் பாரம் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருந்தது. 2016 ஏப்ரலில் அந்த வண்டியின் உற்பத்தி பத்து லட்சத்தைத் தொட்டது. திறந்த இரண்டு ஆசன ஸ்போர்ட்ஸ் கார் வேறெதுவும் அவ்வளவு விற்றதில்லை.

இத்தனை எளிமையான ஒரு பொருள் ஏன் கனத்துக்கொண்டே போகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதற் காரணம் கூரையின்மைதான். மூடியோடு இருக்கும் அட்டைப்பெட்டியை இரு கைகளாலும் முறுக்கிப் பாருங்கள், அது எதிர்த்து நிற்கும். மூடியைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள், உடனே கோணிக்கொள்ளும். கூரையை வெட்டி எடுத்த மோட்டார் வண்டியின் கதியும் அதுவே. இழந்த உறுதியை ஈடுசெய்யக் கதவுகளுக்குக் கீழேயுள்ள பக்கச்சட்டங்களைத் தடிப்பாக்க வேண்டும், தரைத்தகட்டின் அடியில் குறுக்குச்சட்டங்கள் கொடுக்க வேண்டும், வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் ஆட்களைக் காக்க முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களையும் உள்ளே எஃகு வைத்துப் பலப்படுத்த வேண்டும், ஆசனங்களுக்குப் பின்னே வளைவுச் சட்டங்கள் நிறுத்த வேண்டும். ஆகவே கூரை போனதால் எடை குறையும் என்று வெளிப்பார்வைக்குத் தோன்றினாலும், ஒரே வண்டியின் மூடிய வடிவத்தைவிடத் திறந்த வடிவமே பெரும்பாலும் கனமாக இருக்கும்.

இரண்டாவது காரணம் பத்திரம். காற்றுப்பைகள், கதவுக்குள் குறுக்கே ஓடும் எஃகுத் தண்டுகள், மோதும்போது நசுங்கித் தன்னைக் கொடுத்து உள்ளிருப்பவரைக் காக்கும் முன்பகுதி, தானே பிரேக் போடும் கருவிகள், அவற்றுக்கான காமிராக்கள், ரேடார்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன; ஐரோப்பிய யூனியனில் 2022 ஜூலை முதல் புது மாடல்களுக்கும் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புது வண்டிகளுக்கும் இவற்றுட் பல கட்டாயமாகிவிட்டன. இந்தப் பாரத்தைப் பற்றி நான் குறை சொல்லத் துணியமாட்டேன். பழைய எலானின் 700 கிலோவில் ஓட்டுபவனுடைய உயிருக்கு ஒதுக்கிய கிலோ மிகச் சொற்பம். அந்த வண்டிகளில் பிரியமுள்ளவர்கள் இதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும்.

மூன்றாவது காரணம் சௌகரியம். இதைத்தான் நான் வழக்குக்கு இழுக்கிறேன். 1996-ல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் எஸ்.எல்.கே. வண்டியில், பொத்தானை அழுத்தினால் இரும்புக்கூரை இரண்டாக மடிந்து டிக்கிக்குள் ஒளிந்துகொள்ளும் வித்தையைக் காட்டியது. அதன் பிறகு அது ஒரு நாகரிகமாகப் பரவி, வண்டிக்கு வண்டி மோட்டார்களும் நெம்புகோல்களும் குழாய்களும் ஏறின. மின்சாரத்தால் நகரும் ஆசனங்கள், அவற்றுக்குச் சூடேற்றும் கம்பிகள், சத்தத்தை அடைக்கும் தடித்த மெத்தைகள், அகன்ற திரைகள், பத்துப் பன்னிரண்டு ஸ்பீக்கர்கள் என்று வரிசை நீண்டது. இவற்றுள் எதையும் தனியே எடுத்தால் சில கிலோதான். ஆனால் வண்டி கனத்தால் பிரேக் பெரிதாக வேண்டும், பிரேக் பெரிதானால் அதை உள்ளடக்கச் சக்கரம் பெரிதாக வேண்டும், சக்கரம் பெரிதானால் ஸ்பிரிங்கும் தாங்குசட்டமும் தடிக்க வேண்டும், இத்தனையையும் இழுக்க யந்திரம் பெருக்க வேண்டும், யந்திரம் பெருத்தால் மீண்டும் பிரேக் பெரிதாக வேண்டும். இந்தச் சக்கரவட்டத்துக்கு முடிவே கிடையாது. பி.எம்.டபிள்யூ. 1995-ல் வெளியிட்ட இசட்-3 தன் சிறிய யந்திரத்தோடு 1,200 கிலோவுக்குள் அடங்கியிருந்தது. 2018-ல் வந்த இசட்-4, நான்கு சிலிண்டரோடு 1,400 கிலோவையும் ஆறு சிலிண்டரோடு 1,500 கிலோவையும் தாண்டிவிட்டது. மெர்சிடிஸின் எஸ்.எல். இன்று ஏறக்குறைய இரண்டு டன். அதன் ஹைபிரிட் வடிவம் இரண்டு டன்னையும் கடந்தது. போர்ஷ் மட்டும் சற்றே சிரத்தை காட்டியது என்று சொல்ல வேண்டும்: 1996-ன் பாக்ஸ்டர் 1,250 கிலோ, இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த 718 பாக்ஸ்டர் 1,335 கிலோ.

மின்சாரம் வந்தபிறகு கணக்கே வேறாயிற்று. 2008-ல் டெஸ்லா தன் முதல் வண்டியை லோட்டஸ் எலீஸைத் தழுவியே செய்தது. 1996-ல் 725 கிலோ எடையோடு பிறந்த அந்த எலீஸின் வம்சத்தில் வந்த டெஸ்லா, சுமார் 450 கிலோ பேட்டரியைச் சுமந்ததால் 1,200 கிலோவுக்கு மேற்போயிற்று. இன்று எம்.ஜி. என்ற பழைய பெயரைத் தாங்கிச் சீனாவிலிருந்து வரும் சைபர்ஸ்டர், பின்சக்கரம் மட்டும் இயங்கும் வடிவத்தில் 1,850 கிலோ, நான்கு சக்கரமும் இயங்கும் வடிவத்தில் 1,985 கிலோ. அதே பெயர் பூண்ட எம்.ஜி.பி. இரண்டைத் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் இது இருக்கும் தட்டு தாழ்ந்தே நிற்கும்.

ஆனால் சைபர்ஸ்டர் நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை மூன்று விநாடிகளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் எட்டிவிடுகிறதே, எம்.எக்ஸ்-5க்கு ஆறு விநாடிக்கு மேல் ஆகிறதே, கனத்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். நேர்ச்சாலையில் சக்தியைக் கொட்டிப் பாரத்தை மறைத்துவிட முடியும் என்பது மெய்தான். பாரம் தன்னைக் காட்டிக்கொள்வது பிரேக்கிலும் வளைவிலும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஓடும் 1,000 கிலோ வண்டியிடம் ஏறத்தாழ 386 கிலோஜூல் இயக்கசக்தி இருக்கிறது. 2,000 கிலோ வண்டியிடம் அதுபோல இருமடங்கு, 772 கிலோஜூல். அத்தனையையும் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். டயரின் பிடிப்போ பாரம் இரட்டித்தால் தானும் இரட்டிப்பதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே வளர்கிறது. ஆகவே கனத்த வண்டிக்கு அகன்ற டயர் தேவைப்படுகிறது, அகன்ற டயர் சாலையின் நுண்ணிய செய்தியைக் கைக்குக் கொண்டுவருவதில் மந்தமாகிவிடுகிறது. மலைப்பாதையில் வலமும் இடமுமாக வளைவுகள் அடுத்தடுத்து வரும்போது, ஒரு பக்கம் சாய்ந்த பாரம் மறுபக்கம் வந்து அமரும்வரை வண்டி காத்திருக்க, ஓட்டுபவரும் காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பு இல்லாமையே ரோட்ஸ்டரின் உயிர். மூன்று விநாடியில் பாய்வது ஓரிரு முறை வியப்பைத் தரும்; கை திரும்பிய கணத்திலேயே வண்டியும் திரும்புவது நாள்தோறும் சந்தோஷத்தைத் தரும்.

கனம் தவிர்க்க முடியாத விதி என்று சொல்லிவிடுவார்கள். அது விதி இல்லை என்பதற்கு 2015-ல் வந்த நான்காம் தலைமுறை எம்.எக்ஸ்-5 கண்கண்ட சாட்சி. அதற்கு முந்தைய தலைமுறையைவிட ஏறக்குறைய 100 கிலோ குறைந்து, 1.5 லிட்டர் யந்திரமுள்ள ஜப்பானிய ஆரம்ப வகை 990 கிலோவில் நின்றது. நீளத்திலோ 1989-ன் முதல் வண்டியைவிடவும் சற்றுக் குட்டை: அது 3,970 மில்லிமீட்டர், இது 3,915. இதை எப்படிச் சாதித்தார்கள் என்று அருகில் போய்ப் பார்த்தால், பெரிய மந்திரம் ஒன்றும் அகப்படாது; சின்னச் சின்ன விஷயங்களே அகப்படும். சக்கரத்தைக் கழற்ற வந்தவர் முதலில் கவனிப்பது, முந்தைய வண்டியில் ஐந்தாக இருந்த நட்டுகள் நான்காகக் குறைந்திருப்பதை. வண்டி இளைத்ததால் சக்கரமும் சிறுத்தது, சக்கரம் சிறுத்ததால் நான்கே போதுமாயிற்று. ஆசனத்தின் உள்ளே வழக்கமான இரும்புச் சுருள்களுக்குப் பதில் வலை ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்; எடையும் குறைந்தது, உட்காருபவர் சற்றுத் தாழவும் அமர்ந்தார். பானெட், டிக்கி மூடி, முன்பக்க ஃபெண்டர்கள் யாவும் அலுமினியம். முன்பு நான் சொன்ன சக்கரவட்டம் இங்கே மறுதிசையில் சுழன்றிருக்கிறது.

அந்த வண்டியின் கூரையையும் பார்க்க வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தின் நடுவே ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்து, ஆசனத்தில் அமர்ந்தபடியே ஒரு கையால் துணிக்கூரையைத் தலைக்கு மேலாகப் பின்னே தள்ளி, கீழே ஓர் அழுத்து அழுத்தினால், கிளிக் என்ற சத்தத்தோடு அது தன் இடத்தில் படிந்துவிடும். சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் திறந்துவிடலாம், மூடியும்விடலாம். மோட்டார் இல்லை, பம்பு இல்லை, பழுதாவதற்கு எதுவும் இல்லை. மெர்சிடிஸ் எஸ்.எல்.லும் பி.எம்.டபிள்யூ. இசட்-4ம் இரும்புக்கூரையைக் கைவிட்டு மீண்டும் துணிக்குத் திரும்பியது, காலம் கடந்தேனும் வந்த விவேகம்.

இதற்கு விலையாகக் கொடுத்ததையும் மறைக்கக் கூடாது. டிக்கியில் 130 லிட்டர்தான் இடம், இருவரின் சிறு பைகளோடு சரி. நெடுஞ்சாலையில் காற்றின் இரைச்சல் பேச்சை மூழ்கடிக்கும். ஆறடிக்கு மேல் உயர்ந்தவர் கால்களை மடக்கித்தான் அமர வேண்டும். ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி 2018-ல் வந்த மாறுதலில்தான் கிடைத்தது. 2015-ன் யூரோ என்கேப் மோதல் பரீட்சையில் ஐந்தில் நான்கு நட்சத்திரம் பெற்றது. பிந்திய சட்டங்களுக்கு இணங்க உதவிக்கருவிகள் ஏறியதில் ஜப்பானிய ஆரம்ப வகை இன்று ஆயிரம் கிலோவைச் சற்றுக் கடந்துவிட்டது.

வாங்குபவரின் முன்னுள்ள வரிசை நாளுக்கு நாள் குறுகிவருகிறது. எஸ்.எல்.கே.யின் வாரிசான எஸ்.எல்.சி. 2020-ல் போயிற்று, எலீஸ் 2021-ல், ஆடி டி.டி. 2023-ல் நின்றன, பெட்ரோல் பாக்ஸ்டரில் பெரும்பாலான வகைகள் கணினிப் பாதுகாப்பு விதிகளின் காரணமாக 2024-ல் ஐரோப்பியக் கடைகளை விட்டு வெளியேறின, இசட்-4க்கு இறுதிப் பதிப்பும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் மால்வெர்ன் ஊரில் இன்றும் சாம்பல்மரச் சட்டத்தை இழைத்துக் கையால் செய்யும் மோர்கன் பிளஸ் ஃபோர், அடியில் அலுமினியமும் முன்னே பி.எம்.டபிள்யூ. யந்திரமுமாக ஒரு டன்னை ஒட்டி நிற்கிறது. விலை அதிகம், அழகும் அதிகம். கேட்டர்ஹாம் செவன் 170 வெறும் 440 கிலோ, ஆனால் அதை அன்றாடப் பிரயாணத்துக்கு நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். மஸ்டா இந்தியாவில் விற்பதில்லை. சைபர்ஸ்டர் இந்திய ஷோரூம்களில் 2025-ல் எக்ஸ்-ஷோரூம் விலை 74.99 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமாயிற்று. இரண்டு டன்னை ஒட்டிய அந்த வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்று எண்ணாமல், அதிவேகமான, அமைதியான உல்லாச வண்டி என்று எண்ணி வாங்குபவருக்கு ஏமாற்றம் இராது.

விவரப் பத்திரத்தில் எடையைப் படிக்கும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். சில கம்பெனிகள் எண்ணெயும் பெட்ரோலும் ஊற்றாத உலர்ந்த எடையைப் போடும், ஜெர்மானியரின் டி.ஐ.என். முறையில் பெட்ரோல் சேரும், ஆள் சேரமாட்டார். ஐரோப்பிய யூனியன் முறையில் ஓட்டுபவருக்கும் அவர் பைக்குமாக 75 கிலோவும் கூடும். ஆகவே இரண்டு வண்டிகளை ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே முறையில் நிறுத்தவைதாமா என்று கேட்டுக்கொள்வது அவசியம். பிறகு, கூடுதல் பணத்துக்கு வாங்கும் பெரிய சக்கரம், மின்சார ஆசனம் இவற்றின் எடை விவரப் பத்திரத்தின் எண்ணில் அடங்கவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது, விற்பவர் அழைத்துச் செல்லும் வழவழப்பான சாலையோடு திரும்பிவிடாமல், கூரையைத் திறந்துகொண்டு ஒட்டுப்போட்ட பழைய சாலை ஒன்றில் நிதானமாக ஓட்டிப்பார்ப்பது நல்லது. அப்போது உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடியைக் கவனிக்க வேண்டும்: அதில் தெரியும் உருவங்கள் நடுங்கினால் முன்கண்ணாடிச் சட்டமே நடுங்குகிறது, உடல் கோணுகிறது என்று பொருள்; உருவங்கள் அசையாமல் தெளிந்திருந்தால் அந்த வண்டியில் சேர்த்த எஃகு வீணாகவில்லை. அதன்பின் கிளட்சின் இழுப்பு, கியர் கம்பு ஒரு பல்லிலிருந்து அடுத்ததற்கு விழும் தூரம், பிரேக்கை மெல்ல அழுத்தும்போது அது பதில் தரும் விதம், இவற்றைக் கையும் காலும் தீர்மானிக்கட்டும். குதிரைசக்தியைப் பற்றி அந்த அரைமணி நேரத்தில் யோசிக்கவே வேண்டாம்.

இத்தனையும் கருதிய பின், மஸ்டா விற்கும் ஒரு தேசத்தில் வசிப்பவர் எதைத் தெரிந்தெடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், தயங்காமல் எம்.எக்ஸ்-5 என்பேன். அதிலும் மடியும் கெட்டிக்கூரை கொண்ட ஆர்.எஃப். வகை பார்வைக்குக் கம்பீரமானதுதான், ஆனால் அந்தக் கூரையும் மோட்டார்களும் நாற்பது கிலோவுக்கு மேல் பாரத்தைக் கழுத்துக்கு மேலே கொண்டுவந்து வைக்கின்றன. 2.0 லிட்டர் யந்திரம் 184 குதிரைசக்தி தருகிறது; நெடுஞ்சாலையில் தினமும் தூரப் பிரயாணம் செய்பவருக்கு அது உதவும். மற்றவர்களுக்குத் துணிக்கூரை, 1.5 லிட்டர் யந்திரம், ஆறு கியர்களைக் கையால் மாற்றும் பெட்டி, 16 அங்குலச் சக்கரம், இவை போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர்கள் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.